அதிர்வும் ஆற்றுப்படுத்தலும்: மனநல மருத்துவ வரலாற்றில் ஒலியின் துணைநிலை

ஆய்வுச் சுருக்கம்

மனநலச் சிகிச்சையில் ஒலியையும் அதன் அதிர்வையும் பயன்படுத்தும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டு முதல் பதிவாகியுள்ளன. இங்கிலாந்தின் பொவிக் மனநலக் காப்பகம், பாரிசின் சல்பேத்ரியேர் மருத்துவமனை, இலண்டனின் செயின்ட் பெர்னார்டு மருத்துவமனை, நார்வேயில் உருவான அதிர்வொலிச் சிகிச்சை ஆகிய நான்கு நிகழ்வுகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஒப்பிடுகிறது. ஒலி தனித்த மருந்தாக முன்வைக்கப்பட்டபோது அதன் பயன் உறுதிப்படவில்லை என்பதும், மனித உறவையும் உரையாடலையும் சார்ந்த துணைநிலையில் அது பயன் தந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒலி அதிர்வு, இசைச் சிகிச்சை, உளவளத்துணை, அதிர்வொலிச் சிகிச்சை, மனநல மருத்துவ வரலாறு.

முன்னுரை

ஒலி என்பது அடிப்படையில் அதிர்வே. காற்றின் வழியே செவியை அடையும்போது அது கேட்கப்படுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக எழும்போது தோலாலும் தசையாலும் உணரப்படுகிறது. கோயில் மேளத்தின் தவில் ஒலியை மார்புக்கூட்டில் உணர்ந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கேட்கப்படும் ஒலி, உணரப்படும் அதிர்வு ஆகிய இரண்டும் மனநலச் சிகிச்சைக்குள் வெவ்வேறு காலங்களில் கொண்டுவரப்பட்டன.

இன்று ஒலி அதிர்வால் மன அழுத்தமும் மனச்சோர்வும் நீங்கும் என்னும் கூற்றுகள் பெருகியுள்ளன. அவற்றுள் சில, ஒலியை உளவளத்துணைக்குத் துணையாக வைக்கின்றன. சில, அதற்கு மாற்றாக வைக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு சிறிதன்று. மாற்று என நம்பி மருத்துவத்தைக் கைவிடும் ஒருவருக்கு அது உயிர் சார்ந்த வேறுபாடாகவும் அமையக்கூடும். ஆகவே, ஒலி எந்த நிலையில் பயன்பட்டது, எந்த நிலையில் பயன்படவில்லை என்பதை வரலாற்றின் துணைகொண்டு அறிவது தேவையாகிறது.

காப்பகத்தின் இசைக்குழு

மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு அடைத்துவைக்கும் வழக்கத்துக்கு எதிராக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ஒரு சீர்திருத்தம் எழுந்தது. பிரான்சில் பிலிப் பினெலும், இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் புகலில்லம் ஒன்றைத் திறந்த வில்லியம் டியூக்கும் இதன் முன்னோடிகள். கனிவான நடத்தை, ஒழுங்கான அன்றாட வாழ்வு, தக்க வேலை, பொழுதுபோக்கு ஆகியவை நோயாளியின் மனத்தைச் சீராக்கும் என்பது இவர்களது நெறி. இந்நெறியின் வழியாகவே இசை காப்பகங்களுக்குள் நுழைந்தது.

இதற்குத் தெளிவான சான்று, 1852இல் திறக்கப்பட்ட வூஸ்டர் மாவட்டத்தின் பொவிக் மனநலக் காப்பகம் ஆகும். அங்குப் பணியாளர்களைக் கொண்ட இசைக்குழு ஒன்று இயங்கியது. நோயாளிகளுக்காக வாரந்தோறும் நடன நிகழ்ச்சியும் நடைபெற்றது. பின்னாளில் இங்கிலாந்தின் முதன்மை இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற எட்வர்டு எல்கர், 1879இல் தம் 22ஆம் வயதில் இக்குழுவின் நடத்துநராகப் பொறுப்பேற்று, 1884 வரை பணியாற்றினார். புல்லாங்குழல், கிளாரினெட், கார்னெட், யூஃபோனியம், வயலின், பியானோ எனக் கிடைத்த கருவிகளுக்கும், வாசிப்போரின் திறனுக்கும் ஏற்ப போல்கா, குவாட்ரில் வகை நடன இசைகளை அவர் எழுதினார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, இசை நோயைக் குணப்படுத்தும் என்று பொவிக்கில் உரிமை கோரப்படவில்லை. காப்பக வாழ்வின் ஒழுங்கில் அது ஒரு பகுதியாகவே இருந்தது. மற்றொன்று, இசைத்தவர்கள் காப்பகத்தின் பணியாளர்கள். பகலில் கதவைப் பூட்டித் திறக்கும் கைகளே மாலையில் நடனத்துக்கு வாசித்தன. காப்போருக்கும் காக்கப்படுவோருக்கும் இடையிலான உறவு சில மணி நேரத்திற்கேனும் வேறு வடிவம் பெற இது இடமளித்தது எனலாம். அதேவேளை, நோயாளி தன் துயரைப் பேசுவதற்கும் அதனை ஒருவர் கேட்பதற்கும் உரிய முறை எதுவும் இவ்வேற்பாட்டில் இடம்பெறவில்லை. இதுவே அதன் எல்லை.

அதிர்வு நாற்காலியும் தலைக்கவசமும்

பொவிக்கில் எல்கர் பணியாற்றிய அதே காலத்தில், பாரிசின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் ஒலி முற்றிலும் வேறான நோக்கில் கையாளப்பட்டது. நரம்பியல் மருத்துவத்தின் முன்னோடியான ழான் மார்த்தேன் ஷார்க்கோவின் தலைமையில் ஹிஸ்டீரியா நோயாளிகள் அங்கு ஆராயப்பட்டனர். ஒத்ததிர்வுப் பெட்டியுடன் கூடிய பெரிய இசைக்கவைகளின் அதிர்வு இந்நோயாளிகள்மீது சோதிக்கப்பட்டது. இங்கு இசையோ பண்ணோ தேவைப்படவில்லை; அதிர்வு மட்டுமே பௌதிக விசையாகக் கருதப்பட்டது.

நெடுந்தொலைவு இரயிலிலோ குதிரை வண்டியிலோ பயணம் செய்த பார்க்கின்சன் நோயாளிகள், பயணத்துக்குப் பின் தங்கள் துன்பம் குறைந்ததாகக் கூறியதை ஷார்க்கோ கவனித்தார். அவ்வண்டியின் குலுக்கத்தைப் போன்ற அசைவைத் தரும் நாற்காலி ஒன்றை அவர் உருவாக்கச் செய்து, 1892இல் அதிர்வு மருத்துவம் குறித்து விரிவுரையாற்றினார். அவருடைய மாணவர் ழில் த லா தூரேத், இக்கருத்தை விரிவுபடுத்தித் தலையில் அணியும் அதிர்வுக் கவசம் ஒன்றை ஒற்றைத் தலைவலிக்கும் மனச்சோர்வு சார்ந்த நிலைகளுக்கும் பயன்படுத்தினார். 1893இல் ஷார்க்கோ மறைந்தபின் இவ்வாய்வு தளர்ந்தது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின்னர் இந்நாற்காலியின் கருத்து மறுஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. 2012இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு அதிர்வும், மற்றொரு பிரிவினருக்கு அதிர்வற்ற ஓய்வும் அளிக்கப்பட்டன. இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. அதிர்வு பெற்றவர்கள் மற்றவர்களை விஞ்சவில்லை. அமைதியான சூழல், தொடர்ந்த கவனிப்பு, நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பு ஆகியவை முன்னேற்றத்தில் பங்கு வகித்திருக்கலாம் என்பதையே இது உணர்த்துகிறது. ஷார்க்கோவின் நோயாளிகள் கூறியது பொய்யன்று. அவர்கள் உற்ற நலத்தின் காரணம் அதிர்வு மட்டுமே என்ற கணிப்புக்குத்தான் சான்று கிட்டவில்லை.

உரையாடலுடன் இணைந்த இசை

இரண்டாம் உலகப்போரின் விளைவாக இசைச் சிகிச்சை ஒரு தொழில்துறையாக உருப்பெற்றது. உடலாலும் உள்ளத்தாலும் காயமுற்ற படைவீரர்களின் மருத்துவமனைகளுக்கு இசைக்கலைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். இசைத்திறன் மட்டும் இப்பணிக்குப் போதாது, நோயையும் நோயாளியையும் அறிந்த பயிற்சி வேண்டும் என்பது விரைவில் உணரப்பட்டது. 1944இல் மிச்சிகனிலும், 1946இல் தேயர் காஸ்டனின் முயற்சியால் கன்சாஸ் பல்கலைக்கழகத்திலும் இதற்கான கல்வித் திட்டங்கள் தொடங்கப்பட்டன. 1950இல் அமெரிக்காவில் தேசிய இசைச் சிகிச்சைச் சங்கம் நிறுவப்பட்டது. பிரித்தானியாவில் ஜூலியட் ஆல்வின் 1958இல் இத்துறைக்கான சங்கத்தைத் தோற்றுவித்தார்.

உளவளத்துணையுடன் ஒலியை நேரடியாக இணைத்ததில் மேரி பிரிஸ்ட்லியின் பங்கு தனித்தன்மை வாய்ந்தது. வயலின் கலைஞரான இவர், இலண்டனின் செயின்ட் பெர்னார்டு மனநல மருத்துவமனையில் பணிபுரிந்து ‘பகுப்பாய்வு இசைச் சிகிச்சை’ என்னும் முறையை வகுத்தார். இது குறித்த அவரது நூல் 1975இல் வெளிவந்தது. இம்முறையில் அமர்வு முதலில் பேச்சுடன் தொடங்குகிறது. பேச்சிலிருந்து ஒரு மையக்கருத்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. பின்னர் நோயாளியும் சிகிச்சையாளரும் அக்கருத்தை மனத்தில் கொண்டு, முன் தயாரிப்பின்றிக் கருவிகளை இசைக்கின்றனர். இசைத்தபின் எழுந்த உணர்வுகள் குறித்து மீண்டும் உரையாடுகின்றனர்.

இவ்வமைப்பில் ஒலிக்குரிய இடம் வரையறுக்கப்பட்டுள்ளது. சொல்லால் எட்ட இயலாத சினமும் அச்சமும் முரசின் அடியிலும் தந்தியின் இழுப்பிலும் வெளிப்படுகின்றன. வெளிப்பட்டதைப் பொருள்படுத்திக்கொள்ளச் சொல் மீண்டும் தேவைப்படுகிறது. பொவிக்கில் நோயாளி இசைக்கு ஆடினார். சல்பேத்ரியேரில் அதிர்வுக்கு உட்பட்டார். பிரிஸ்ட்லியின் அறையிலோ தாமே ஒலியை எழுப்பினார். நோயாளி செயப்படுபொருள் என்னும் நிலையிலிருந்து எழுவாய் நிலைக்கு நகர்ந்ததே இந்நூறு ஆண்டு வரலாற்றின் சாரம் எனலாம்.

தாழ் அதிர்வெண் ஒலியும் அதன் எல்லைகளும்

அதிர்வை உடலால் உணரச்செய்யும் முறை, நார்வே நாட்டைச் சேர்ந்த உலாவ் ஸ்கில்லேயின் முயற்சியால் 1980களில் புதிய வடிவம் பெற்றது. ‘அதிர்வொலிச் சிகிச்சை’ எனப்படும் இம்முறையில், ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்ட படுக்கையிலோ நாற்காலியிலோ பயனாளர் அமைதியாக இருக்கிறார். 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண் ஒலி, இசையுடன் சேர்த்து அவர் உடலுக்குச் செலுத்தப்படுகிறது. மிக நெருங்கிய இரு அதிர்வெண்கள், சான்றாக 40 ஹெர்ட்ஸும் 40.5 ஹெர்ட்ஸும், ஒன்றாக ஒலிக்கும்போது ஒலியின் வலிமை மெல்ல ஏறி இறங்குகிறது. இதனை இயற்பியலார் விம்மல் என்பர். இவ்வேற்ற இறக்கம் உடல் தளர்வுக்கு உதவும் என்பது இம்முறையின் அடிப்படை.

பிரித்தானிய இசைச் சிகிச்சையாளர் டோனி விக்ராம் இம்முறையைத் தம் முனைவர் பட்ட ஆய்வின் பொருளாக்கினார். இவ்விருவரின் மரபில் வந்தவர்கள் இம்முறையை யாருக்குப் பயன்படுத்தலாகாது என்பதையும் பட்டியலிட்டனர். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர், குருதி உறைவு உடையவர், கடும் அழற்சி உள்ளவர், கருவுற்றவர், தீவிர உளப்பிறழ்வு நிலையில் இருப்பவர் ஆகியோர் அப்பட்டியலில் அடங்குவர். ஒரு முறையை உருவாக்கியோரே அதன் எல்லையையும் வரைந்திருப்பது அத்துறையின் பொறுப்புணர்வைக் காட்டுகிறது. ஒலி எல்லாருக்கும் எந்நிலையிலும் தீங்கற்றது என்னும் இன்றைய விளம்பரக் கூற்று இப்பட்டியலுடன் பொருந்துவதாக இல்லை.

சான்றுகள் உணர்த்துவன

பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்க்கிலா குழுவினரின் ஆய்வு 2011இல் வெளிவந்தது. மனச்சோர்வு கொண்ட 79 பேர் அதில் பங்கேற்றனர். 33 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் 20 இசைச் சிகிச்சை அமர்வுகளும், 46 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமும் வழங்கப்பட்டன. மூன்று மாத முடிவில் முதற்பிரிவினரிடம் மனச்சோர்வும் மனப்பதற்றமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. எனினும் ஆறாம் மாத அளவீட்டில் இரு பிரிவினருக்குமான வேறுபாடு மங்கியது.

2017இல் வெளிவந்த காக்ரேன் திறனாய்வு, 421 பேரை உள்ளடக்கிய 9 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும், அதனுடன் இசைச் சிகிச்சையும் பெற்றவர்களிடம் குறுகிய காலத்தில் மனச்சோர்வு அதிகம் குறைந்ததாக அது முடிவு செய்தது. இவ்விரு ஆய்வுகளிலும் ‘வழக்கமான சிகிச்சையுடன்’ என்னும் சொற்றொடரே திறவுகோலாகும். மருத்துவத்தையும் உளவளத்துணையையும் விலக்கிவிட்டு ஒலியைத் தனியே முன்வைப்பதற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை.

தமிழகச் சூழலில் இதன் பொருத்தம்

துணை, மாற்று என்னும் வேறுபாடு தமிழகத்துக்கும் அயலானதன்று. உடுக்கையும் பம்பையும் ஒலிக்கக் குறிகேட்டு, மனக்குழப்பத்துக்குத் தீர்வு நாடும் வழக்கம் சிற்றூர்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. உறவினரும் ஊராரும் சூழ்ந்திருக்க நிகழும் அச்சடங்கில், நோயுற்றவரின் துயர் அனைவர் முன்னும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதன் ஆறுதல் பண்பை மறுக்க வேண்டியதில்லை. ஆயின் மருத்துவம் எட்டாத இடத்தில் இத்தகைய நம்பிக்கைசார் வழிகள் மட்டுமே எஞ்சும்போது இடர் தொடங்குகிறது.

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் 28 மனநோயாளிகள் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை. இந்நிகழ்வு ஒலியோடு தொடர்புடையதன்று. ஆயினும், சிகிச்சையின் இடத்தை வேறொன்று முழுமையாக நிரப்பும்போது நோயாளி எந்நிலைக்குத் தள்ளப்படலாம் என்பதற்கு அது மறக்கவொண்ணாச் சான்று. மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்துள்ளது. பின்னாளில் அதே ஏர்வாடியில், மருந்தும் வேண்டுதலும் எனப் பொருள்படும் ‘தவா–துவா’ திட்டம் செயல்படுத்தப்பட்டது. வழிபாட்டுக்கு வருவோரை வழிபாட்டிலிருந்து விலக்காமல், அவ்விடத்திலேயே மருத்துவத்தையும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். ஒலியைத் துணையாக ஏற்கும் உளவளத்துணைக்கும் இவ்வணுகுமுறை முன்மாதிரியாக அமையத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளின் ஒப்பீட்டிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அதிர்வைத் தனித்த மருந்தாகக் கருதிய ஷார்க்கோவின் நாற்காலிக்குப் பிற்கால ஆய்வு வலுச்சேர்க்கவில்லை. இரண்டாவதாக, நோயாளி ஒலியைப் பெறுபவராக மட்டுமன்றி அதனை எழுப்புபவராகவும், அதுபற்றிப் பேசுபவராகவும் அமைந்த முறைகளே உளவளத்துணையுடன் இயல்பாகப் பொருந்தின. மூன்றாவதாக, கிடைத்துள்ள மருத்துவச் சான்றுகள் ஒலியின் துணைநிலைப் பயனை, அதுவும் குறுகிய கால அளவில், ஆதரிக்கின்றன.

தமிழ் மரபில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பது வழியறிந்த ஒருவர் வழியறியாத ஒருவரை நெறிப்படுத்துவதைக் குறிக்கும். அச்சொல் இன்று உளவளத்துணைக்கு வழங்கிவருவது பொருத்தமே. நடக்க வேண்டியவர் நோயுற்றவர். உடன் வழிகாட்ட வேண்டியவர் பயிற்சி பெற்ற மனிதர். அவ்வழியில் ஒலி நடையை எளிதாக்கலாம். வழிகாட்டியின் பணியை அதனிடம் ஒப்படைத்தல் தகாது.