விண்கல் சொன்ன சாட்சியம்: உயிரின் தோற்றமும் காலி தந்த விஞ்ஞானியும்

அந்தலூசியாவின் மருத்துவரும் தத்துவஞானியுமான இப்னு துபைல் (இறப்பு 1185) எழுதிய 'ஹய்யு இப்னு யக்ழான்' நம் இலக்கிய வட்டத்தில் ஓரளவு அறியப்பட்ட நூல்தான். மனிதரே இல்லாத தீவொன்றில் மானின் பாலுண்டு வளர்ந்து, தன் அறிவைக் கொண்டே உண்மையைத் தேடிய ஒருவனின் கதையாகவே அதனைப் பேசி வருகிறோம். அவன் எவ்வாறு பிறந்தான் என்பதற்கு ஆசிரியர் இரண்டு விளக்கங்கள் தருவது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஒன்றின்படி, குழந்தையைப் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டார்கள். மற்றையதன்படி, இந்தியத் தீவுகளுள் மத்திய கோட்டின் கீழ் அமைந்த ஒன்றில், தாயும் தந்தையுமின்றி, புளித்துப் பொங்கிய களிமண்ணிலிருந்து அவன் உருவானான்.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அரிஸ்டோட்டில் காலந்தொட்டு, உயிரற்ற பொருளிலிருந்து சிற்றுயிர்கள் தாமே தோன்றும் என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட கொள்கையாக இருந்தது. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தவர் பிரான்சின் லூயி பாஸ்டர். அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த குழாயுடைய குடுவையில் இறைச்சிச் சாற்றைக் கொதிக்க வைத்தார். தூசி உட்புகாதவரை சாறு கெடவில்லை. 1864 ஏப்ரல் 7 ஆந் திகதி பாரிஸ் சோர்போனில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில், உயிர் உயிரிலிருந்தே வரும் என்பதை அவர் நிலைநாட்டினார்.

அப்படியாயின் முதல் உயிர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு அந்தக் குடுவையில் விடையில்லை. ஆனால் அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்னரே, 1848 இல், பாஸ்டர் இன்னொரு கண்டுபிடிப்பைச் செய்திருந்தார். தார்த்தாரிக் அமில உப்பொன்றின் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோது, அவை இரண்டு வகையாக இருந்தன. வலக்கையும் இடக்கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி விம்பம். பின்னர் தெரியவந்தது இன்னும் வியப்பானது. உயிர்களின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ எல்லாமே 'இடக்கை' வகையைச் சேர்ந்தவை. ஆய்வுகூடத்தில் சாதாரண முறையில் அவற்றைத் தயாரித்தால், இரு வகையும் சரிபாதியாகவே கிடைக்கும். இந்த வேறுபாட்டை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது கதையின் திறவுகோல் அதுவே.

இருபதாம் நூற்றாண்டில் ரஷ்யாவின் ஒபாரின் (1924), இங்கிலாந்தின் ஹால்டேன் (1929) இருவரும், ஆதிப் பூமியின் வாயுக்களிலிருந்து இரசாயன மாற்றங்களினால் உயிரின் மூலப்பொருட்கள் படிப்படியாக உருவாகியிருக்கலாம் என எழுதினர். 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான ஸ்டான்லி மில்லர், பேராசிரியர் ஹரோல்ட் யூரியின் வழிகாட்டலில் செய்த பரிசோதனையை வெளியிட்டார். மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறியைச் செலுத்தினார். ஒரு வாரத்தில் நீர் செந்நிறமானது; அதில் அமினோ அமிலங்கள் இருந்தன.

இந்தத் துறைக்குத்தான் நம் நாட்டவர் ஒருவர் வந்து சேர்ந்தார். சிறில் பொன்னம்பெரும 1923 இல் காலியில் பிறந்தவர். முதலில் அவர் கற்றது இரசாயனவியல் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று 1948 இல் பட்டம் பெற்றார். பிறகு இலண்டனில் பேர்னாலிடம் இரசாயனவியல் கற்று, 1962 இல் பெர்க்லியில் நோபல் பரிசாளர் மெல்வின் கல்வினின் கீழ் கலாநிதிப் பட்டம் பெற்று, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் இணைந்தார். 1963 இல் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து, உயிர்க்கலங்களின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. என்னும் மூலக்கூறு, ஆதிப் பூமியில் இருந்திருக்கக்கூடிய சூழலில் புறஊதாக் கதிரின் துணையோடு உருவாகலாம் எனக் காட்டினார். தத்துவ வகுப்பில் எழுந்த கேள்வியைச் சோதனைக் குழாய்க்குள் கொண்டுவந்தவர் என்றே அவரை எண்ணத் தோன்றுகிறது.

ஆயினும் ஆய்வுகூடத்தில் நிகழ்வது இயற்கையிலும் நிகழ்ந்தது என்பதற்கு என்ன சாட்சி? விண்ணிலிருந்து விழும் கற்களிடம் கேட்கலாம். ஆனால் அந்தச் சாட்சிகள் முன்னரே கெட்ட பெயர் எடுத்திருந்தன. பாஸ்டரின் சோர்போன் உரை முடிந்து ஐந்து வாரங்களில், 1864 மே 14 இல், தென் பிரான்சின் ஓர்கெய் கிராமத்தில் காபன் செறிந்த விண்கல் ஒன்று விழுந்தது. 1961 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அதில் நுண்ணுயிர்ச் சுவடுகளைக் கண்டதாக அறிவித்துப் பரபரப்பூட்டினர். அவற்றுட் சில மகரந்தத் துகள்கள் என விமர்சகர்கள் காட்டினர். அதைவிட வேடிக்கை, நூறாண்டுகளாக ஒரு நூதனசாலைக் குப்பியில் மூடிக்கிடந்த துண்டொன்றினுள் கோரைப்புல்லின் விதைகள் இருந்தன! எட்வர்ட் ஆண்டர்ஸ் குழுவினர் ஆராய்ந்தபோது பசையும் நிலக்கரித்தூளும் சேர்த்து அவற்றை யாரோ ஒட்டி வைத்திருப்பது தெரிந்தது. பாஸ்டர் எழுப்பிய விவாதத்தின் சூட்டில் எவரோ செய்த குறும்பாக இருக்கலாம் என ஊகித்தார்கள். மோசடி ஒருபுறமிருக்க, மனித விரல் பட்டாலே போதும், கல்லில் அமினோ அமிலம் ஒட்டிவிடும்.

1969 செப்டெம்பர் 28, ஞாயிறு முற்பகல், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மேர்ச்சிசன் ஊரின் மேலே தீக்கோளம் ஒன்று வெடித்துச் சிதறியது. 100 கிலோவுக்கும் மேற்பட்ட கற்கள் சேகரிக்கப்பட்டன. நேரமோ வாய்ப்பானது. சந்திரனில் மனிதன் இறங்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன; சந்திர மண்ணைச் சோதிக்கத் தூய்மையான ஆய்வுகூடங்களும் நுண்ணிய கருவிகளும் ஆயத்தமாக இருந்தன. கீத் குவென்வோல்டன், பொன்னம்பெரும முதலானோர் தங்கள் முடிவுகளை 1970 டிசெம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. புரதங்களில் காணப்படாத சிலவும் இருந்தன. முக்கியமாக, இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. விரலிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்திருந்தால் இடக்கையே மேலோங்கியிருக்கும். ஆகவே அவை பூமியில் உயிர் கலந்த கறையல்ல; உயிரின் கை படாமலே விண்ணில் உருவானவை.

இக்கல்லின் வயதும் சிந்திக்கத்தக்கது. அண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் ஐதரசனும் ஈலியமும் மிகச் சிறிதளவு இலிதியமுமே இருந்தன. நம் உடலின் காபனும் ஒட்சிசனும் பின்னர் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டவை. மேர்ச்சிசன் கல்லிலுள்ள சிறு மணிகள் சில 500 முதல் 700 கோடி ஆண்டுகள் பழையவை என 2020 இல் கணிக்கப்பட்டது. நமது சூரியனோ 460 கோடி ஆண்டளவே ஆனது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கொழும்பில் பிறந்த இன்னொரு விஞ்ஞானியான சந்திரா விக்கிரமசிங்கவும் பிரெட் ஹொயிலும் உயிரே விண்ணிலிருந்து வந்தது என வாதிட்டனர். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. பொன்னம்பெரும குழுவினர் காட்டியது அதுவன்று. அவர்கள் கண்டது செங்கல்லை, வீட்டையல்ல. செங்கற்கள் எவ்வாறு தம்மைப் பிரதிசெய்யும் உயிராக ஒழுங்குபட்டன என்பது இன்றும் விடுபடாத புதிர். 454 கோடி ஆண்டு வயதுடைய பூமியில் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உயிர் இருந்ததற்கான சுவடுகள் மேற்கு அவுஸ்திரேலியப் பாறைகளில் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன என்பதுதான் கேள்வி.

1971 இல் மேரிலண்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பொன்னம்பெரும, 1984 இல் தாயகத்தின் அழைப்பை ஏற்று, ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகவும் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் கடமையாற்றினார். 1994 டிசெம்பரில் காலமானார். காலியில் பிறந்த ஒருவர் இப்பெரும் விசாரணையில் முன்வரிசையில் நின்றதை நமது தமிழ்ச் சஞ்சிகைகள் இன்னும் விரிவாகப் பதிவு செய்திருக்கலாம்.

விசாரணை தொடர்கிறது. 1997 இல் மேர்ச்சிசனின் சில அமினோ அமிலங்களில் இடக்கை வகை சற்றுக் கூடுதலாக இருப்பதை குரோனினும் பிட்சரெல்லோவும் கண்டனர். உயிரின் இடக்கைப் பழக்கம் விண்ணிலேயே ஆரம்பித்ததோ என்ற எண்ணம் வலுத்தது. பின்னர் நாசாவின் விண்கலம் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து எடுத்த 121.6 கிராம் மண், 2023 செப்டெம்பர் 24 இல் எவர் கையும் படாது பூமிக்கு வந்தது. 2025 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, புரதங்களில் பயன்படும் 20 அமினோ அமிலங்களுள் 14 உம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் ஐந்து மூலங்களும் அதில் உள்ளன. ஆனால் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமம். 1997 இல் எழுந்த எண்ணம் மீண்டும் ஐயத்துக்குள்ளாகியிருக்கிறது. அந்த மண்ணின் பெரும்பகுதியை, இனிப் பிறக்கப்போகும் கருவிகளுக்கும் ஆய்வாளர்களுக்குமெனத் திறக்காமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.