லசான்யாவுக்கு யார் சொந்தக்காரன்?

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பொண்ணு பிறந்தநாள். ஒன்பது முடிஞ்சு பத்து. என்ன வேணும்னு கேட்டா, "லசான்யா. கடையில வாங்கக்கூடாது, நீங்களே பண்ணணும்" அப்டீன்னு உத்தரவு. எல்லாம் கார்ஃபீல்டு படிக்கிறதோட விளைவு. 1978-ல் ஒரு அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் குண்டுப் பூனைக்கு லசான்யா பைத்தியம் பிடிக்க வைத்தார். அது இத்தனை வருஷம் கழிச்சு என் ஞாயிற்றுக்கிழமையைக் காலி பண்ணியது.

மைதா, முட்டை போட்டுப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, வேகவைக்காமல் அப்படியே ஓடிஜி-யில் அடுக்கினேன். வெளியே வந்தது செருப்புக் கடை அட்டைப்பெட்டி. நனைந்த அட்டைப்பெட்டி. பொண்ணு மட்டும் "நல்லா இருக்குப்பா" என்றாள். பெரிய மனசு.

அது கூடப் பரவாயில்லை. உறுத்தியது வேற. எங்கள் வீட்டில் அம்மா சுத்த சைவம். முட்டை போட்ட பாத்திரம் கூட தனி. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நாங்கள் கேக்கும் பிரியாணியுமாக ஹாலில் கும்மாளம் போடுவோம், அம்மா உள்ளே தயிர்சாதம் சாப்பிடுவார்கள். யாரும் தப்பா நினைச்சதில்லை, அம்மா உட்பட. இந்த முறை பொண்ணு கேட்டாள்: "பாட்டி சாப்பிடற லசான்யா கிடையாதா?"

"லசான்யான்னா கறி, முட்டை, தக்காளி எல்லாம் இருக்கணும்மா. அதான் ஒரிஜினல்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர சந்தேகமா இருந்தது. எது ஒரிஜினல்? தோண்ட ஆரம்பித்தேன். நான் வரலாற்று மாணவன் எல்லாம் இல்லை, தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் குட்டவும்.

*

முதலில் பெயர். கிரேக்கத்தில் 'லகனோன்' என்று ஒரு தட்டையான மாவுப் பண்டம் இருந்தது. லத்தீனில் அது 'லகனும்'. ரோமானியக் கவிஞர் ஹொராஸ் கி.மு. 35 வாக்கில் எழுதிய அங்கதக் கவிதை ஒன்றில், ராத்திரி வீட்டுக்குப் போய் லீக் என்ற வெங்காயத்தாள் மாதிரியான கீரை, கொண்டைக்கடலை, லகனும் மூன்றும் சேர்ந்த சாதாரணச் சாப்பாடு சாப்பிடுவதாகச் சொல்கிறார். 'பாருங்க, ரோமாபுரியிலேயே லசான்யா!' என்று பலரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு கட்சி, 'லசானும்' என்ற சொல்லில் இருந்து வந்தது என்கிறது. லசானும் என்றால் பாத்திரம். எந்தப் பாத்திரம்? ஹி ஹி... ராத்திரி கட்டிலுக்கடியில் வைக்கிற பாத்திரத்துக்கும் அதுதான் பெயர். வேடிக்கை என்னன்னா, ஹொராஸின் அதே கவிதையில், லகனும் வருகிற இடத்துக்குச் சில வரிகள் முன்னாடியே இந்த லசானும் வருகிறது. ஒரு பெரிய மனுஷன் பின்னால் அடிமைகள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்! இரண்டு வேர்ச்சொல்லும் ஒரே பக்கத்தில். எது வேணுமோ எடுத்துக்குங்க. நான் சாப்பாட்டுக் கட்சி.

ஆனால் ரோமானியர்களின் லகனும் இன்றைய லசான்யா இல்லை. தண்ணீரில் வேகவைத்த தாளாக அதை யாரும் விவரிக்கவில்லை. அப்பீசியஸ் பெயரில் உள்ள சமையல் தொகுப்பில் மாவுத் தகட்டையும் இறைச்சிக் கலவையையும் மாற்றி மாற்றி அடுக்குகிற பண்டம் உண்டு. அடுக்குகிற யோசனை பழசுதான். அதுக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

அடுத்தது மார்கோ போலோ. சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்ததே அவர்தான் என்கிற கதை நம்ம ஊர் வரைக்கும் பிரபலம். அவர் வெனிஸ் திரும்பியது 1295. ஆனால் பார்மா ஊரைச் சேர்ந்த சலிம்பேனே என்ற துறவி 1280-களில் எழுதிய குறிப்புகளிலேயே, சீஸ் போட்ட லகனாவை ரசித்து ரசித்துச் சாப்பிட்ட இன்னொரு சாமியாரைக் கிண்டலடிக்கிறார். அதற்கும் முன்னாடி, 1154-லேயே, அரபு புவியியலாளர் அல் இத்ரீசி சிசிலியில் பாஸ்தா செய்து கப்பலில் ஏற்றுமதி செய்ததை எழுதிவைத்திருக்கிறார். மார்கோ போலோவை வீட்டுக்கு அனுப்பிடலாம்.

*

இப்பதான் மேட்டருக்கு வரோம். 14-ம் நூற்றாண்டின் தொடக்கம். நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புபடுத்தப்படும் 'லீபெர் தெ கொக்வினா' என்ற லத்தீன் சமையல் நூல். அதில் லசான்யாவுக்குத் தெளிவான செய்முறை இருக்கிறது. என் நடையில் சுருக்கம்:

புளித்த மாவை எடு. எவ்வளவு மெல்லிசா முடியுமோ அவ்வளவு மெல்லிசா தேய். மூணு விரல் அகலச் சதுரமா வெட்டு. கொதிக்கிற உப்புத் தண்ணியில் நல்லா வேகவை. தட்டில் துருவின சீஸைத் தூவு, வேணும்னா நல்ல மசாலாப் பொடியும் தூவு. மேலே ஒரு அடுக்கு லசான்யா. மறுபடி சீஸ், பொடி. தட்டு நிறையும் வரை இப்படியே. அப்புறம் கூரான மரக்குச்சியால் குத்தி எடுத்துச் சாப்பிடு.

அவ்வளவுதான். கவனிச்சீங்களா? கறி இல்லை. முட்டை இல்லை. தக்காளி இல்லை. வெள்ளை சாஸ் இல்லை. அவனும் இல்லை! இதைப் படிச்சதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் எழுநூறு வருஷமா ஒரு புத்தகத்தில் உட்கார்ந்திருக்கு.

தக்காளி இருக்க வாய்ப்பே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ம் நூற்றாண்டில். நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தினி என்பவர் 1690-களில் வெளியிட்ட நூலில்தான் தக்காளி சாஸ் முதல்முறையா அச்சில் வருகிறது, அதுவும் 'ஸ்பானிய பாணி' என்ற பெயரில். பாஸ்தாவும் தக்காளியும் ஜோடி சேர்ந்து பிரபலமானது அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து.

அந்த 'நல்ல மசாலாப் பொடி' இருக்கே, அதில்தான் நம்ம பக்கத்து ஆள் வருகிறார். அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரச் சமையலறையில் மசாலாப் பொடி என்றால் மிளகு, சுக்கு, பட்டை, கிராம்பு வகையறா. மிளகு மலபார் கரையிலிருந்து அரபு வணிகர் கைமாறி, அலெக்சாந்திரியா போய், வெனிஸ்காரர் கப்பலேறி வந்தது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498-ல். அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்பே நம்ம மிளகு லசான்யா மேல் ஏறிவிட்டது.

*

இந்த இடத்தில் ஒரு குழாயடிச் சண்டையைச் சொல்லியாகணும். 2003-ல் இங்கிலாந்தில் பெர்க்லி கோட்டையில் நடந்த இடைக்கால விழா ஒன்றை ஒட்டி, 'லசான்யா எங்களுது' என்று கிளம்பினார்கள். ஆதாரம், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த நூலில் இருக்கும் 'லோசின்ஸ்' என்ற பண்டம். மாவைக் காகிதம் போலத் தேய்த்து, காயவைத்து, சாறில் வேகவைத்து, சீஸும் பொடியும் தூவி இரண்டு மூன்று அடுக்கு. அச்சு அசல் அதேதான். ஆனால் நேப்பிள்ஸ் நூல் இதற்குப் பல பத்தாண்டு முந்தையது. இத்தாலியத் தரப்பு கொதித்துப்போனது. இட்லி இந்தோனேசியாவிலிருந்து வந்ததா என்று கேட்டால் நமக்கு வருமே, அந்த மாதிரிக் கோபம்.

அதே 2003-ல் பொலோஞ்ஞா நகர வர்த்தக சபையில் 'பச்சை லசான்யா' செய்முறை முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பசலைக்கீரை சேர்த்துப் பிசைந்த முட்டை மாவு, மெதுவா வேகவைத்த கறி ராகு, பெஷமெல் என்ற வெள்ளை சாஸ், பார்மிஜானோ சீஸ். ராகுவை மட்டும் தனியாக 1982-லேயே பதிந்துவிட்டார்கள். ஆனால் அந்த ராகுவையே 2023-ல் திருத்திப் புதுசா பதிந்தார்கள். பதிவேட்டில் ஏத்தினதுக்கே நாற்பது வருஷத்தில் மறுபதிப்பு! 1891-ல் அர்த்தூசி தன் புகழ்பெற்ற நூலில் கொடுத்த பொலோஞ்ஞா பாணி கறிச் சாஸில் தக்காளியே கிடையாது.

பொலோஞ்ஞாவில் என்னைக் கவர்ந்தது பதிவேடு இல்லை, கை. அங்கே மாவு தேய்க்கும் பெண்களுக்கு 'ஸ்ஃபோலினா' என்று தனிப் பெயரே உண்டு. கணக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. அரைமணி நேரம் மாவை ஓய்வெடுக்க விடணும். பிசையும்போது முறுக்கிக்கொண்ட குளூட்டன் அப்பதான் தளரும், இல்லேன்னா தேய்க்கத் தேய்க்க ரப்பர் மாதிரி சுருங்கும் (பரோட்டா மாஸ்டரைக் கேளுங்க, இதையே சொல்வார்). அப்புறம் நீளமான கட்டையால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா தேய்ப்பார்கள். ஒரு நிமிஷம் கொதிநீரில் போட்டு, குளிர்ந்த தண்ணியில் நனைத்து, துணியில் உலர்த்தி, அப்புறமே அடுக்குவார்கள். என் அட்டைப்பெட்டியின் ரகசியம் புரிஞ்சுதா? நான் வேகவைக்கவில்லை, ஓய்வு கொடுக்கவில்லை, தடிமனும் மூணு மடங்கு.

தெற்கே நேப்பிள்ஸ் போனால் கதை வேறு. அங்கே பாஸ்தாவுக்குப் பெரும்பாலும் டியூரம் கோதுமை ரவையும் தண்ணியும்தான். தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவலில், நோன்பு தொடங்குவதற்குள் எல்லாத்தையும் தின்னு தீர்க்கிற லசான்யா: ரிக்கோட்டா, குட்டிக் குட்டிக் கறி உருண்டை, சாசேஜ், அவித்த முட்டை. மார்க்கே பகுதியில் 'வின்சிஸ்கிராஸி'. 1799-ல் வந்த ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸ் பெயரில் வந்தது என்று கதை சொல்வார்கள். அதற்கு முன்பே அந்தோனியோ நெப்பியா என்பவரின் புத்தகத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் பண்டம் இருக்கிறது. தளபதியும் அவுட்.

1880-லிருந்து 1920-க்குள் நாற்பது லட்சத்துக்கும் மேலான இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலும் தெற்கத்தி ஏழைகள். ஊரில் பண்டிகைக்கு மட்டும் பார்த்த கறியும் சீஸும் அங்கே வாரச் சம்பளத்தில் கிடைத்தது. சிவக்கச் சிவக்க சாஸ், ரிக்கோட்டா, மொசரெல்லா என்று அடுக்கு உயர்ந்தது. கார்ஃபீல்டு தின்பது அந்த லசான்யாவை. பிறகு அது தொழிற்சாலைக்குப் போய், உறைந்து, பெட்டிக்குள் அடைந்தது. 2013-ல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்ற உறைந்த லசான்யாவைச் சோதித்தால், சிலதில் மொத்தமும் குதிரை இறைச்சி! அடுக்குக்கு நடுவில் என்ன இருக்குன்னு தெரியணும்னா நாமே அடுக்கணும். பொண்ணு 'கடையில வாங்கக்கூடாது' என்றதில் நியாயம் இருக்கு.

*

போன ஞாயிறு நேப்பிள்ஸ் நூலை நம்பி இறங்கினேன். 300 கிராம் மைதா, ஒரு சிட்டிகை ஈஸ்ட், உப்பு, தண்ணீர். மூணு மணி நேரம் மூடிவைத்தேன். பளிங்கு மேடையில் பின்னாடி கோலம் தெரியுமளவுக்குத் தேய்த்து, மூணு விரல் சதுரம். உப்புத் தண்ணியில் வெந்ததும் லேசாக உப்பி மிதந்தது. மிளகு, சுக்கு, பட்டை, ரெண்டு கிராம்பு, துளி ஜாதிக்காய் சேர்த்துப் பொடி. பார்மிஜானோ மட்டும் வாங்கவில்லை. கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இல்லாமல் அந்தச் சீஸ் கிடையாது, அம்மாவுக்குத் தெரியாமல் கொடுக்க மனசு வரலை. பச்சைப் புள்ளி போட்ட கெட்டிச் சீஸ் துருவினேன். எல்லாம் அம்மாவின் பாத்திரத்தில், அம்மாவின் கட்டையால்.

சூடான தட்டில் ஆறு அடுக்கு. முள்கரண்டிக்குப் பதில் பல்குச்சி. ஹாலில் நாலு பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்டா" என்றார்கள். இன்னொரு துண்டும் குத்தினார்கள். பாஸ் மார்க்!

சொந்தக்காரன் யாருன்னு கேட்டுத்தானே ஆரம்பிச்சேன்? இத்தாலிக்காரர்களுக்கு அதில் மூத்த பங்கு இருக்கு, சந்தேகமே இல்லை. இங்கிலாந்துக் கேஸ் தள்ளுபடி. ஆனால் தக்காளி, கறி, வெள்ளை சாஸ் எல்லாம் அவரவர் வீட்டில் இருந்ததைப் பின்னாடி வந்தவங்க ஏத்தினது. 'இதெல்லாம் இருந்தால்தான் ஒரிஜினல்'னு நான் பொண்ணுகிட்ட சொன்னது தப்பு. அன்னிக்கு ராத்திரி அவகிட்ட ஒத்துக்கிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

உங்க வீட்டில் இப்படி ஒரு பண்டம் ரெண்டு பந்தியை ஒண்ணாக்கின கதை இருந்தா நீங்களும் ஒரு பதிவு போடுங்க மக்களே. :-)