செம்மண்ணில் இறங்கி, கரிக்கு அடியில் நடந்து

ஐப்பசி அடைமழை பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடுகளில் கொட்டுகிறது. சருகில் தங்கியது வெயில் அடித்ததும் ஆவியாகிவிடும். மேட்டில் விழுந்தது ஓடை பிடித்துக் கடலுக்குப் போய்விடும். மண்ணுக்குள் போனதிலும் பெரும்பங்கை முந்திரியும் பலாவும் வேரால் உறிஞ்சி, இலை வழியாக வானத்துக்கே அனுப்பிவிடும். இத்தனைக்கும் தப்பி, வேருக்கும் எட்டாத ஆழத்துக்கு இறங்குகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரின் கதை இது.

அந்த மண்ணை அள்ளித் தேய்த்துப் பாருங்கள். விரலிடுக்கில் மணல் நெறுநெறுக்கும், உள்ளங்கையில் காவி ஒட்டும். அதற்கு அடியில் இருப்பது கடலூர் மணற்பாறை. பாறை என்று பேர்தானே தவிர, பல இடங்களில் சுரண்டினாலே உதிரும்.

நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இங்கே ஆறு இல்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே மயிரிழை இடுக்குகள்தான் உண்டு; நீர் அவற்றின் வழியே நடக்கிறது. 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு இந்த நடையின் விதியைக் கண்டுபிடித்தார்: இரு முனைகளின் நீர்மட்ட வித்தியாசம் கூடினால் வேகம் கூடும், கடக்க வேண்டிய தூரம் கூடினால் குறையும். கடலை நோக்கி மெல்லச் சரியும் இந்த அடுக்குகளில், ஒரு வருஷத்தில் சில மீட்டர் நகர்ந்தாலே பெரிய நடை.

நெய்வேலியை நெருங்கும்போது நீரின் தலைக்கு மேல் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மூடிபோலப் படிந்திருக்கின்றன. மேலே வர வழியில்லை. பின்னால் மேட்டிலிருந்து வரும் நீரோ அழுத்திக்கொண்டே இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம்! 60, 80 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் கனம் அது. 1930-களில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, மோட்டார் இல்லாமலே நீர் பொங்கி வந்தது. கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. அந்தக் கறுப்பிலிருந்துதான் நெய்வேலிச் சுரங்கத்தின் வரலாறு தொடங்குகிறது. கறுப்பைக் கொண்டுவந்து காட்டிய தண்ணீரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

கரியை எடுக்க, அதன்மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். மேல்பாரம் நீங்கியதும் அடியிலுள்ள அழுத்தம் குழியின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். எனவே, பம்புகள் இரவும் பகலும் அடியிலிருந்து நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த நீர், சில நிமிஷத்தில் குழாய் வழியே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. அனல்மின் நிலையத்துக்குக் கொஞ்சம், ஊருக்குக் குடிக்கக் கொஞ்சம். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் பரவனாற்றில் கலந்து பெருமாள் ஏரிப் பாசனத்துக்கும் போகிறது. வயல்காரர்களுக்கு அது வரம்தான். ஆனால் சுற்றுக் கிராமங்களில் ஒரு காலத்தில் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்த தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே நீரைப் பற்றியதுதான்.

பம்புக்குச் சிக்காத நீர் கடலூர்க் கரையை நோக்கி நடையைத் தொடர்கிறது. அதன் அழுத்தம்தான் உப்புநீரைக் கடலோடு நிறுத்தி வைக்கிறது. அது தளர்ந்தால் கடல் அதே மணல் இடுக்குகள் வழியாக உள்ளே நடக்கத் தொடங்கும். கடலோரக் கிணறுகளில் நீர்மட்டத்தோடு உப்பையும் விடாமல் அளக்க வேண்டியிருப்பது இதனால்தான்.