நடுவழியில் நிற்கும் ரோலர் கோஸ்டர்

ரோலர் கோஸ்டரின் மூதாதை பனிச்சறுக்கு மேடு. 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் குளிர்காலம் வந்தால் உயரமாக மரச்சாரம் கட்டுவார்கள். அதன் சரிவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, மேலிருந்து சறுக்கி விளையாடுவார்கள். 1817-இல் பாரிஸில் இந்த விளையாட்டுக்குச் சக்கர வண்டி வந்தது. தடம் புரளாதிருக்க, வண்டியின் அச்சு முனைகளைத் தண்டவாளப் பள்ளத்துக்குள் பூட்டினார்கள். வண்டி ஒரே சரிவில் இறங்கித் தரையில் நின்றதால், நடுவழியில் சிக்கிக்கொள்ளும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. சரிவுக்குப் பின் ஏற்றமும் சேர்ந்த பிறகுதான் அந்தச் சிக்கல் பிறந்தது.

அதற்கான முதல் விடை நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் 1827-இல் நிலக்கரி இறக்க ஒரு பாதை போடப்பட்டது. பாரம் ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே மலையிலிருந்து இறங்கின. காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. பின்னாளில் அந்த வேலை நீராவி இயந்திரத்துக்கு மாறியது. இழுக்கும்போது பிடி விட்டுப்போனால் வண்டி பின்னோக்கி உருண்டுவிடுமே என்ற அச்சத்தில், ஏற்றப் பாதை நெடுகப் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதிக்கப்பட்டது. வண்டியின் அடியில் தொங்கிய கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி ஏறியது. இழுவை நின்றால் கடைசியாகத் தாண்டிய பல்லில் மாட்டி நின்றது. நிலக்கரிப் போக்குவரத்து ஓய்ந்த பின் இந்தப் பாதை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு 1930-கள் வரை ஓடியது. இன்றும் பல ரோலர் கோஸ்டர்கள் முதல் ஏற்றத்தில் எழுப்பும் 'டக் டக்' ஒலி அந்தக் கொக்கியின் ஒலிதான்.

1884-இல் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில் கட்டண ரோலர் கோஸ்டர் பாதை ஒன்றைத் திறந்தார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். பாதையின் முனையில் பயணிகள் இறங்கிக்கொள்ள, பணியாளர்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளி ஏற்றினார்கள். பின்னர் எழுந்த பெரிய பாதைகளில் பிரேக் பிடிப்பதற்கென்றே ஓர் ஆள் வண்டியோடு பயணம் செய்தார். 1912-இல் திறக்கப்பட்ட மெல்பர்ன் லூனா பார்க் பாதையில் அந்தப் பழைய வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் கொக்கியை மேலும் சீர்செய்தார். தண்டவாளத்தின் அடிப்புறத்தையும் பற்றிக்கொள்ளும் சக்கரத்துக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். வண்டி மேலே எகிறும் ஆபத்து அதனால் நீங்கியது, சரிவுகள் செங்குத்தாயின.

அடுத்த பெரிய மாற்றம் 1959-இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் நடந்தது. அங்கே திறக்கப்பட்ட மேட்டர்ஹார்ன் பாதை எஃகுக் குழாயால் ஆனது. ஒரே தடத்தில் பல வண்டிகள் ஓடின. ஒன்றோடொன்று மோதாமலிருக்க ரயில்வேயின் பிளாக் முறை கையாளப்பட்டது. இம்முறையில் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் உள்ள பகுதி காலியாகும்வரை பின்வரும் வண்டி பிரேக்கிலோ ஏற்றச் சங்கிலியிலோ காத்து நிற்கும். பிற்காலத்தில் இந்தக் காவல் வேலையைச் சென்சார்களும் கணினியும் ஏற்றன. ஒரு சென்சார் தவறான தகவல் தந்தாலும் கணினி ஓட்டத்தை நிறுத்திவிடும். காற்றழுத்தத்தால் திறக்கும் பிரேக்குகள் அழுத்தம் குறைந்தால் தாமாகவே மூடிக்கொள்ளும். மின்சாரம் போனாலும் பயணியின் மடிமேல் உள்ள பூட்டு திறக்காது.

இத்தனை காவலும் ஏன் தேவை என்பதை லண்டன் பேட்டர்சீ பூங்கா விபத்து சொல்லும். 1972 மே 30 அன்று அங்கிருந்த பிக் டிப்பர் என்ற ரோலர் கோஸ்டரின் வண்டி இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி உருண்டது. தடுத்திருக்க வேண்டிய அமைப்பு தடுக்கவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்தனர்.

இன்று ஒரு வண்டி நடுவழியில் நின்றதும் பணியாளர் முதலில் ஒலிபெருக்கியில் பேசி, இருக்கையை விட்டு அசையாமல் இருக்கச் சொல்வார். பொறியாளர்கள் காரணத்தைக் கண்டறிந்து, பாதையைச் சோதித்த பிறகே மீண்டும் ஓட்டுவார்கள். அது இயலாவிட்டால் ஆட்களை இறக்க வேண்டும். முதல் ஏற்றத்திலும் பிரேக் பகுதிகளிலும் இதற்கென்றே படிக்கட்டு இருக்கும். பணியாளர்கள் ஏறிச் சென்று, ஒவ்வொரு வரிசையாகப் பூட்டைத் திறந்து, கூடவே நடந்து இறக்கிவிடுவார்கள். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிளாக்பூலில், 65 மீட்டர் உயரமுள்ள பிக் ஒன் பாதையிலிருந்து பயணிகள் இப்படித்தான் நடந்து இறங்கினர்.

படிக்கட்டு இல்லாத இடத்தில் நின்றால்தான் பாடு. 2018 மே மாதம் ஜப்பானின் ஒசாகாவில், முகம் தரையைப் பார்க்கத் தொங்கியபடி பறக்கும் வண்டிகள் நின்று 64 பேர் சிக்கினர். கடைசிப் பயணி இறங்கச் சுமார் இரண்டு மணி நேரமானது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு திருவிழாவுக்காக அமைத்த பாதையில் பயணிகள் மூன்று மணி நேரத்துக்கும் மேல் தலைகீழாகத் தொங்கினர். தீயணைப்பு வீரர்கள் ஏணியில் ஏறி ஒவ்வொருவராக மீட்டனர். தலைகீழாக இருக்கும் உடலில் ரத்தம் தலைப்பக்கம் தேங்குவதால் இத்தகைய மீட்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 அன்று நடந்தது இந்த வரலாற்றின் கசப்பான பாடம். அங்குள்ள ஸ்மைலர் பாதையில், சோதனைக்காக அனுப்பிய காலி வண்டி நடுவில் நின்றுவிட்டது. கணினி அதைக் கண்டுகொண்டு, 16 பேருடன் வந்த அடுத்த வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்தியது. பாதை காலி என்று எண்ணிய பொறியாளர்கள், கணினியின் தடையை மீறி வண்டியை விடுவித்தனர். இரண்டும் மோதின. படுகாயமடைந்தவர்களில் இரு இளம்பெண்களுக்குக் காலை அகற்ற வேண்டியதாயிற்று. சாரம் கட்டி எல்லோரையும் மீட்க நான்கு மணி நேரத்துக்கும் மேலானது. 2016-இல் நீதிமன்றம் பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

அன்று பிளாக் முறை தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதை மீறியதுதான் பிழை. நடுவானில் நின்றுபோன வண்டி பார்ப்பவருக்கு அச்சம் தரும். ஆனால் பெரும்பாலும் அது, சுரங்கக் கொக்கியில் தொடங்கிய காவல் இன்னும் விழித்திருக்கிறது என்பதற்கான சான்று. காரணம் தெரியும்வரை அந்த வண்டியை நிற்கவிடுவதே பூங்காவின் முதல் கடமை. பூட்டு திறக்கும்வரை பொறுத்திருப்பது பயணியின் கடமை.