ராஸ் இன்டெலிஜென்ஸ்

ராஸ் இன்டெலிஜென்ஸ், அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தேடித் தந்த ஸ்டார்ட்அப் நிறுவனம். 2014 முதல் 2021 தொடக்கம் வரை இயங்கியது. அதன் மென்பொருளைவிட, அதன்மீது தொடுக்கப்பட்ட பதிப்புரிமை வழக்கே இன்று அதிகம் பேசப்படுகிறது.

ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினியை வைத்து நடந்த மாணவர் போட்டிக்காக டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் இது. ஆண்ட்ரூ அருடா, ஜிமோ ஒவ்பியாகெலே, பார்கிள்ஸ் டால்ஓலியோ ஆகியோர் அதை நிறுவனமாக்கினர். 2015இல் ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடு தரும் ஒய் காம்பினேட்டரின் ஆதரவு கிடைத்தது. மறு ஆண்டு பேக்கர் ஹாஸ்டெட்லர் என்ற பெரிய சட்ட நிறுவனம் தன் திவால் வழக்குப் பிரிவுக்கு ராஸின் மென்பொருளை எடுத்துக்கொண்டதும், ‘ரோபோ வக்கீல்’ வந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அது மிகை. வழக்கறிஞர் தன் கேள்வியைச் சாதாரண ஆங்கிலத்தில் கேட்டால், பொருந்தும் தீர்ப்புப் பகுதிகளை அது எடுத்துக் காட்டும்; தானாக எதையும் எழுதாது.

அமெரிக்காவில் தீர்ப்பு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதன் சாரத்தை ஓரிரு வரிகளில் சொல்லும் தலைக்குறிப்புகளும், அவற்றை வகைப்படுத்தும் எண்முறையும் தாம்சன் ராய்ட்டர்ஸின் வெஸ்ட்லா தரவுத்தளத்துக்கு உரியவை. ராஸ் உரிமம் கேட்டது. போட்டியாளர் என்பதால் கிடைக்கவில்லை. எனவே லீகல்ஈஸ் என்ற நிறுவனத்திடம் பயிற்சித் தரவு தயாரிக்கும் வேலையை ஒப்படைத்தது. ஒரு சட்டக் கேள்வி, அதற்குச் சரியான, தவறான விடைகள் என அமைந்த ஏறத்தாழ 25,000 குறிப்புகள் வந்தன. பல கேள்விகளுக்கு வெஸ்ட்லாவின் தலைக்குறிப்புகளே மூலம்.

2020 மே மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. செலவு தாங்காமல் ராஸ் 2021 ஜனவரி 31 அன்று சேவையை நிறுத்தியது. கடை மூடிய பிறகும் வழக்கு ஓயவில்லை.

நீதிபதி ஸ்டெஃபானோஸ் பிபாஸ் 2023இல் முக்கியக் கேள்விகளை ஜூரியிடம் விட்டார். 2025 பிப்ரவரி 11 அன்று தம் கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். தீர்ப்பிலிருந்து எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தேர்வதே, கல்லைச் செதுக்கும் சிற்பியின் வேலைபோலப் படைப்புதான் என்றார். 2,243 தலைக்குறிப்புகளில் உரிமை மீறல் உண்டு என முடிவுசெய்து, அனுமதியின்றியும் பயன்படுத்த இடமளிக்கும் ‘நியாயமான பயன்பாடு’ என்ற ராஸின் வாதத்தையும் ஏற்கவில்லை. போட்டிச் சரக்கை உருவாக்கவே அவை பயன்பட்டன என்பது முக்கியக் காரணம்.

தீர்ப்பின் வாசகத்தையே ஒட்டி எழுதிய ஒரு வரிக்குத் தனியுடைமை தருவது, பொதுச்சொத்தான சட்டத்துக்குச் செல்லும் வழியில் வேலி போடுவதாகும் என்ற எதிர்வாதம் வலுவானது. அதே சமயம், பல தலைமுறை வழக்கறிஞர்கள் உட்கார்ந்து வடித்த குறிப்புகளை உழைப்பே இல்லாதவை எனத் தள்ளவும் முடியாது. ராஸின் மென்பொருள் உரை ஆக்கும் வகையைச் சேர்ந்ததல்ல என்று பிபாஸ் தீர்ப்பிலேயே குறித்திருப்பதால், சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு இதை அப்படியே பொருத்த இயலாது. மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூனில் இவ்வழக்கை இடைக்கால மேல்முறையீடாக விசாரணைக்கு ஏற்றது.