எதிரி சொன்ன சாட்சி: தேவய்யாவின் மகாவீர் சக்ராவும் 23 ஆண்டுத் தாமதமும்

தில்லி கரோல் பாகை ஒட்டிச் செல்லும் புசா ரோட்டைத் தலைநகரத் தமிழர்கள் பலர் அங்குள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியால் அறிவர். சாலையின் பெயர் தில்லிக்குரியதன்று. பீகாரின் புசா என்னும் ஊரில் 1905இல் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தபின், 1936இல் தில்லிக்கு வந்தது. ஊர்ப்பெயரும் உடன் வந்தது. அந்நிறுவனம் எழ 30,000 பவுண்டு நன்கொடை அளித்த அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ். அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்தோடு ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தே ‘புசா’ பிறந்தது என்றொரு விளக்கம் இன்றும் போட்டித்தேர்வுக் குறிப்புகளில் உலவுகிறது. ஃபிப்ஸ் பிறந்தது 1839இல். அதற்கு முன்பே, 1808இல், வில்லியம் மூர்கிராஃப்ட் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்த்த புசா பண்ணையின் பொறுப்பை ஏற்றுவிட்டார். ஊர் முந்தியது, கொடையாளர் பிந்தியவர். ஆயினும் எழுத்தில் ஏறிய பிழை இறங்க மறுக்கிறது.

சாலைப் பெயரில் நேரும் பிழையால் எவருக்கும் இழப்பில்லை. படைவீரர் ஒருவரின் பணிப்பதிவேட்டில் நேரும் பிழை அத்தகையதன்று. விருதுக்குரிய மாதப்படி, குடும்பத்தார்க்குரிய உரிமைகள், நினைவுச் சின்னங்களில் பெயருக்கு அருகே பொறிக்கப்படும் சிறப்பு ஆகிய யாவும் அப்பதிவேட்டின் ஒரு வரியைச் சார்ந்தவை. இந்திய விமானப்படை வரலாற்றில் அவ்வாறு ஒரு வரி விடுபட்டு, 23 ஆண்டுகளுக்குப் பின் சேர்க்கப்பட்டது. அந்த வரியை மீட்டுத் தந்த சாட்சியம் இந்தியத் தரப்பிலிருந்து வந்ததன்று என்பதே ஆய்வாளர்கள் கருதிப்பார்க்க வேண்டிய செய்தி.

1965 செப்டம்பர் 7 அன்று, ஆதம்பூர் தளத்திலிருந்து விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன், பிரெஞ்சு நாட்டுத் தயாரிப்பான மிஸ்டேர் விமானங்களுடன், பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்றது. தலைமை தாங்கியவர் விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா. புறப்பட வேண்டியவை 12 விமானங்கள். ஏதேனும் ஒன்று பழுதுபட்டால் அதன் இடத்தை நிரப்புவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. குடகைச் சேர்ந்தவர், விமானப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர். (குடகு வழக்கில் ‘ஒக்க’ எனப்படும் குடும்பப் பெயரே முன்னிற்கும். ‘அஜ்ஜமாட’ அத்தகையது. ‘ஏ.பி. தேவய்யா’ என்று அலுவலக ஏடுகள் சுருக்கும்போது முதலில் மறைவது அவருடைய குடிவழிதான்.) அவரும் புறப்பட்டார், திரும்பவில்லை. உடன் சென்றவர்களில் எவரும் அவருக்கு நேர்ந்ததைக் கண்டிலர். தரைப்படைப் பீரங்கியால் வீழ்ந்தாரா, எரிபொருள் தீர்ந்து இறங்கினாரா, விமானம் பழுதுற்றதா என்று எதுவும் துணிய இயலவில்லை. ‘காணாமற்போனவர்’ என்ற வகைக்குள் அவர் பெயர் சென்றது.

‘காணாமற்போதல்’ என்ற தொடரின் இலக்கணம் ஈண்டு நோக்கத்தக்கது. ‘காணாமல்’ என்னும் எதிர்மறை வினையெச்சத்துக்கு எழுவாய் காண இயலாத பிறர்; ‘போனவர்’ என்பதற்கு எழுவாய் வேறொருவர். ஒரு தொடருக்குள் இரு வினைமுதல்கள். காணாதவரின் குறை போனவரின் நிலையாக ஏட்டில் பதிகிறது. தேவய்யா விஷயத்தில் நிகழ்ந்ததும் இதுவே: உடன் சென்றோர் காணவில்லை என்பது, அவர் எதுவும் செய்யவில்லை என்பதற்கு நிகராக 14 ஆண்டுகள் நின்றது.

1979இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கர், 1965ஆம் ஆண்டு வான்போர் குறித்த தம் நூலை வெளியிட்டார். சர்கோதாவைக் காக்க எழுந்த பாகிஸ்தானின் எஃப்–104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை ஓட்டியவர் ஃபிளைட் லெஃப்டினன்ட் அம்ஜத் ஹுசைன். அவர் ஒரு மிஸ்டேரைத் தாக்கினார். அடிபட்ட அவ்விமானம் தப்பியோட முனையாமல் திரும்பி அவரோடு பொருதது. அவருடைய விமானம் சிதைந்து, பாராசூட்டில் குதித்து அவர் உயிர் தப்பினார். ஸ்டார்ஃபைட்டர் ஒலியினும் இரு மடங்கு விரைவில் செல்ல வல்லது. மிஸ்டேரோ ஒலியின் வேகத்தைச் சமதளப் பறப்பில் எட்டாதது. அத்தகைய விமானம், அதுவும் அடிபட்ட நிலையில், எதிரியின் தலைசிறந்த விமானத்தை வீழ்த்தியது. அந்த மிஸ்டேரும் தளம் திரும்பவில்லை. அன்று திரும்பாத இந்திய விமானங்களோடு இடத்தையும் நேரத்தையும் பொருத்திப் பார்த்தபோது, அது தேவய்யாவினுடையது என்ற முடிவு கிடைத்தது.

ஃப்ரிக்கரின் நூல் பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு எழுதப்பட்டது. இந்திய இழப்புகள் குறித்த அதன் கணக்குகளை இந்திய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. இக்குறையே தேவய்யா பற்றிய பகுதிக்கு வலிமை சேர்க்கிறது. தம் தரப்பை உயர்த்தும் நோக்கில் திரட்டிய சான்றுகளுக்குள், தம் தரப்பின் ஓர் இழப்பை, அதுவும் மானக்கேடான ஓர் இழப்பை ஒப்புக்கொள்ளும் பகுதி, சொல்பவர் நலனுக்கு எதிரானது. வழக்குமன்றச் சான்றியலும் வரலாற்று மூலத்திறனாய்வும் தனி மதிப்புத் தரும் வகை அது. சார்பற்ற ஒருவர் எழுதியிருந்தால்கூட இத்துணை உறுதி கிட்டியிராது.

இருந்தும் நூல் வெளிவந்த மறுநாளே பதிவேடு திருந்திவிடவில்லை. விமானப்படைக்குள் விசாரணை நடந்தது. அன்று தாக்குதலுக்குத் தலைமை ஏற்ற தனேஜா, அதற்குள் ஓய்வுபெற்றிருந்தவர், அரசுக்கு எழுதி வழக்கை எடுத்துரைத்தார். 1988இல் மகாவீர் சக்ரா, மறைவுக்குப் பின்னராக, அறிவிக்கப்பட்டது. நூலுக்கும் விருதுக்கும் இடையே 9 ஆண்டுகள்; செயலுக்கும் விருதுக்கும் இடையே 23. தேவய்யாவின் மனைவியும் மகள்களும் அக்காலத்தின் பெரும்பகுதியை, அவர் எங்ஙனம் இறந்தார் என்பதே தெரியாமல் கழித்தனர்.

இத்தாமதத்தை எவருடைய அலட்சியத்தின் மீதும் சுமத்துவது எளிது; பொருந்தாது. பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும்படி ஆக்கப்பட்டவை. அவற்றுக்கான பரிந்துரை, கண்டவர் வாக்கிலிருந்து தொடங்கி, அவருக்கு மேலிருக்கும் அதிகாரிகள் வழியே படிப்படியாக ஏறும். பொய்ப் புகழைத் தடுக்க அவ்வாறு அமைந்த ஏற்பாடு அது. ஆனால் கண்டவர் அனைவரும் இறந்துவிட்டாலோ, கண்ட ஒரே ஆள் எதிர்ப்படையைச் சேர்ந்தவராக இருந்தாலோ, அந்த ஏணிக்கு முதற்படியே இல்லை. ஏட்டில் பதிவது செயலன்று. செயலைக் கண்டவர் சொல்.

தமிழ் மரபு இச்சிக்கலை அறிந்தே இருந்தது. தொல்காப்பியம் நடுகல் நிறுத்தலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் துறைப்படுத்துகிறது. முதலில் வைக்கப்பட்ட ‘காட்சி’ தகுந்த கல்லைக் காண்பதையே குறிக்கும். வீரச்செயலைக் கண்ட சான்றைப் பற்றி அந்நிரலில் தனித் துறை இல்லை. அதற்குத் தேவையும் இல்லை: ஆநிரை கவர்தலும் மீட்டலும் ஊரறிய நிகழ்ந்தவை, கல் நட்டவர்களே கண்டவர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ஊரையும் ஆகோள் நிகழ்வையும் வீழ்ந்தவர் பெயரையும் மிகச் சில சொற்களில் தருகிறது. பிற்காலச் செங்கம் நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டும் சேர்ந்துகொள்கிறது. 1965 செப்டம்பர் 7ஆம் நாளின் விமானப்படை ஏட்டில் நாளும் பெயரும் இருந்தன. நிகழ்வு இருக்க வேண்டிய இடம்தான் வெற்றாக விடப்பட்டது.

வெற்றிடம் ஒரு வகைப் பிழை. தவறான நிரப்பல் மற்றொரு வகை. 1999 ஜூலையில் டைகர் மலைமீது ஏறிய 18ஆம் கிரெனேடியர் படையணியின் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. பல குண்டுகள் பாய்ந்தும் பிழைத்து, மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்த அவருக்கு அவ்வாண்டு பரம்வீர் சக்ரா ‘மறைவுக்குப் பின்’ என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் இறந்தவர் அதே பெயருடைய மற்றொரு வீரர். பெயர், குடிப்பெயர், படையணி அனைத்தும் ஒன்றாயிருந்த இருவரை வேறுபடுத்தக்கூடியது படை எண் மட்டுமே. இப்பிழை விரைவிலேயே திருத்தப்பட்டது, காரணம் வெளிப்படை: திருத்தம் கோரும் சான்று உயிரோடு கட்டிலில் கிடந்தது.

அதே கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70ஆம் காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கு முற்றிலும் வேறானது. அவர் மகாவீர் சக்ராவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். கிடைத்ததோ, போர்க்கள வீரத்துக்கென அமையாத விசிஷ்ட சேவா பதக்கம். இங்கே கண்டவர்கள் பலர் இருந்தனர். மேலதிகாரியின் மதிப்பீடுதான் சிக்கல். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009இல் செயற்பாட்டுக்கு வந்த ஆயுதப்படைகள் தீர்ப்பாயத்தின் தில்லி முதன்மை அமர்வு, 2010 மே மாதம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. படைத்தொகுதித் தளபதி ஒருசார்பாக நடந்துகொண்டார் என்று கண்டு, அவர் எழுதிய மதிப்பீட்டைப் பணிப்பதிவேட்டிலிருந்து நீக்குமாறு ஆணையிட்டது. செய்தித்தாள்கள் ‘கார்கில் வரலாறு திருத்தி எழுதப்படுகிறது’ என்று எழுதின. மிகைதான், எனினும் ஓர் அலுவலக மதிப்பீடே பின்னர் போர் வரலாற்றின் மூலமாகிறது என்பதை அத்தலைப்புகள் சரியாகவே உணர்ந்திருந்தன. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த படைப்பதிவேட்டுத் திருத்த வாரியங்கள் உள்ளன. விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்கக் கோரி முன்னாள் வீரரோ அவர் வாரிசோ நேரே விண்ணப்பிக்கலாம். இங்கோ மனு, முறையீடு, இறுதியில் வழக்கு என்றே பாதை நீள்கிறது. வழக்காட உயிரோடில்லாதவர்க்கு யார் வழக்காடுவது?

இவ்விடத்தில்தான் ஆவணங்களின் திறப்பு முதன்மை பெறுகிறது. போர் வரலாறுகளைத் தொகுப்பது, ஆவணங்களை வெளிப்படுத்துவது குறித்த கொள்கைக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தையொட்டி, ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் திறக்கப்பட வேண்டும் என்பது அதன் நிலை. 1965ஆம் ஆண்டு ஏடுகளுக்கு அக்கெடு 1990இல் முடிந்திருக்கும். தேவய்யாவுக்கு விருது வந்தது 1988இல். ஆக, இந்திய ஆவணங்கள் முறைப்படி திறந்திருக்கக்கூடிய நாளுக்கும் முன்பே, எதிர்த்தரப்பின் நினைவு அச்சேறி வேலையை முடித்துவிட்டது. அவ்வேடுகள் திறந்திருந்தாலும் அம்ஜத் ஹுசைன் கண்டது அவற்றுள் இருந்திராது.

கார்கில் ஆவணங்களுக்கு 25 ஆண்டுகள் 2024இல் நிறைவுற்றன. அரசிதழில் அச்சாவது அளிக்கப்பட்ட விருதுகளின் பாராட்டுரைகள் மட்டுமே. பரிந்துரைக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டவை, திருப்பியனுப்பப்பட்டவை, சாட்சி போதாதென ஒதுக்கப்பட்டவை ஆகிய கோப்புகள் படையணி அலுவலகங்களிலும் அமைச்சக அறைகளிலும்தான் கிடக்கும். 1962, 1965, 1971 ஆகிய போர்களுக்கும், இலங்கையில் அமைதிப்படை இருந்த 1987–1990 காலத்துக்கும் இது பொருந்தும். படைவரலாற்றில் ஆய்வுத்தலைப்புத் தேடும் மாணவர்கள் கேட்க வேண்டியவை அக்கோப்புகள். அவற்றோடு எதிர்த்தரப்பார் எழுதிய நினைவுக்குறிப்புகளையும் நாள்வாரியாக அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.