மானுக்கா - டீக்கடைக்குப் போகாத டீ மரம்

தலைப்பைப் பாத்துட்டு ஊட்டி எஸ்டேட் கதைன்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும் மக்களே, இது நியூசிலாந்துக் கதை. ஆணி புடுங்கறதுக்காக கம்பெனி என்னை எட்டு மாசம் வெலிங்டனுக்கு அனுப்பி வச்சிருந்தது. குடியிருந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு சரிவு. வீட்டுக்காரப் பெரியவருக்கு 80 தாண்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை அந்தச் சரிவுல ஏதோ செடி நட்டுக்கிட்டு இருந்தார். சும்மா நிக்க வேணாமேன்னு நானும் மண்வெட்டியை எடுத்தேன். "என்ன செடி?"ன்னு கேட்டதுக்கு, "சின்ன வயசுல எங்கப்பாவோட சேர்ந்து நான் கொன்ன செடி"ன்னார்.

செடியோட பேரு மானுக்கா. இங்கிலீஷ்காரங்க வச்ச பேரு டீ ட்ரீ. நாம குடிக்கிற தேயிலைக்கும் இதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இது நம்மூர் நாவல், கொய்யா, தைலமரம் எல்லாம் இருக்கிற குடும்பம். (மெடிக்கல் ஷாப்ல விக்கிற டீ ட்ரீ ஆயில் இன்னொரு ஒண்ணுவிட்ட சித்தப்பா பையன், ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ்காரன்.) பேரு வந்தது கேப்டன் குக்கால. 1773-ல டஸ்கி சவுண்டுங்கிற இடத்துல கப்பலை நிறுத்தினப்ப, ஸ்கர்வி நோய் வராம இருக்க இந்த இலையைக் கொதிக்க வச்சு டீ மாதிரி குடிச்சிருக்காங்க. ரிமு மரத்துக் கிளையைப் போட்டு பியர் காய்ச்சி, அதோட துவர்ப்பு தெரியாம இருக்க இதையும் சேர்த்திருக்காங்க. அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே மாவோரி மக்கள் இதுல ஈட்டி, துடுப்பு, மண் கிளறுற கோல்னு செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, இலை பட்டையில வைத்தியமும் பாத்தாங்க. ஆனா பேரு வைக்கிற உரிமை கப்பல்ல வந்தவங்களுக்குத்தானே எப்பவும்!

அப்புறம் ஆடு வந்தது. மலையெல்லாம் மேய்ச்சல் நிலமாகணும். வெட்ட வெட்ட, எரிக்க எரிக்க மானுக்கா திரும்பத் திரும்ப முளைச்சது. வெறும் மண்ணைப் பாத்தா முதல்ல வந்து உக்கார்ற செடி அது. அதனால பட்டம் களை.

1930-களோட கடைசியில காண்டர்பரி பக்கம் மானுக்கா கருப்பாகிச் சாக ஆரம்பிச்சது. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு செதில் பூச்சி. வேற எங்கயாவது இருந்தா மருந்து தேடியிருப்பாங்க. இங்க விவசாயிங்க பூச்சி பிடிச்ச கிளையை ஒடிச்சு எடுத்துட்டுப் போய், நல்லா இருக்கற புதர்ல கட்டி வச்சாங்க! பெரியவரோட அப்பாவுக்கு கிஸ்பர்ன் பக்கம் பண்ணை. "அவர் கட்டுவார், கயிறு எடுத்துக் குடுக்கறது என் வேலை"ன்னார். 1950-கள்ல அந்தப் பூச்சியையே தின்கிற ஒரு பூஞ்சை பரவி மானுக்கா பிழைச்சது.

1988 மார்ச்ல போலா புயல். கிஸ்பர்ன் பக்கம் மலை மலையா சரிஞ்சது. பின்னால போய் ஆராய்ச்சி பண்ணவங்க பாத்தது, புல் மட்டும் இருந்த சரிவுலதான் சேதம் ரொம்ப அதிகம், காடும் வளர்ந்த மானுக்கா-கானுக்கா புதரும் இருந்த இடத்துல குறைவு. பெரியவங்க பண்ணையில பாதி மேய்ச்சல் ஆத்துக்குள்ள போயிடுச்சாம். அதுக்கு மேல அவர் பேசல, நானும் கேக்கல.

தேன் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மானுக்கா தேன் ஜெல்லி மாதிரி கெட்டி, அடையில இருந்து பிரிக்கறதே பெரும்பாடுன்னு தேனீ வளர்க்கறவங்களே திட்டிக்கிட்டு இருந்த சரக்கு. 1980-கள்ல வைகாட்டோ பல்கலைக்கழகத்துல பீட்டர் மோலன் அதுல கிருமியைக் கொல்ற தனிச் சக்தி இருக்குன்னு காட்டினார். அது மெத்தில்கிளையாக்சால்னு 2008-ல ஜெர்மனியில டிரெஸ்டன்காரங்க கண்டுபிடிச்சாங்க. விலை எகிறிடுச்சு. வெட்டின மலையிலேயே நாத்து வாங்கி நட ஆரம்பிச்சாங்க. தாய்நாட்டுச் செடிகொடி மேல எங்களுக்கு இருக்கற உரிமை என்னன்னு மாவோரிகள் 1991-ல போட்ட வழக்குக்கு (வாய் 262) அறிக்கை வந்தது 2011-ல, அதாவது 20 வருஷம் கழிச்சு. இதே செடி டாஸ்மேனியாவுலயும் முளைக்குதுன்னு ஆஸ்திரேலியாக்காரங்க பேருக்குப் போட்டி. 2023-ல நியூசிலாந்து அலுவலகமே 'மானுக்கா ஹனி' முத்திரையைத் தங்களுக்கு மட்டும்னு தர மறுத்துடுச்சு.

சரி, வளர்க்கறது எப்படி? காய்ஞ்ச காயைப் பறிச்சு காகிதப் பையில போட்டா சில நாள்ல வெடிக்கும். விதை தலைமுடி மாதிரி இருக்கும், தும்மினா போச்சு. ஈர மண்ணு மேல தூவினா போதும், மூடக் கூடாது, வெளிச்சம் வேணும். முளைச்சப்புறம் வேரைக் கலைக்காம முழு வெயில்ல நடணும். எருவைக் கொட்ட வேணாம், ஏழை மண்ணுலதான் அதுக்கு சந்தோஷம். கத்தரிக்கறது பூ முடிஞ்சதும், இலை இருக்கற இளங்கிளையில மட்டும். பழைய கட்டையில வெட்டினா திரும்பத் துளிர்க்காது. இது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

பத்து பதினஞ்சு வருஷத்துல அதோட நிழல்ல பெரிய காட்டு மரங்களோட கன்னு முளைக்கும். அதுங்க மேல ஏறினதும் மானுக்கா நிழல்ல மாட்டி மெல்லச் செத்துப் போகும். இதைத் தெரிஞ்சுதான் பெரியவர் நட்டுக்கிட்டு இருந்தார்.

மொத்தம் 40 நாத்து. நான் ஊருக்குக் கிளம்பறப்ப 33 நின்னுது. போன ஏழுல ஒண்ணு என் கத்தரிக்கோல் கைங்கரியம் :-(

டிஸ்கி: அங்கேருந்து யாராவது வந்தா விதை கொண்டு வரச் சொல்லாதீங்க. கஸ்டம்ஸ்ல மாட்டுவாங்க. அதோட இது குளிர் பிரதேசத்துச் செடி, சென்னை மொட்டை மாடிக்கு ஆகாது.